டேனியல் டீபோ

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசின் திருச்சபைக்கு உட்படாது தனித்து வழிபட்டோர்க்குப் பல்கலைக்கழகப் பட்டமும் அரசுப் பதவியும் எட்டாக் கனிகளாக இருந்தன. அத்தகைய குடும்பம் ஒன்றில், மெழுகுதிரி வணிகர் ஒருவரின் மகனாக, 1660ஆம் ஆண்டையொட்டி இலண்டன் மாநகரில் டீபோ பிறந்தார். அவருடைய இளமையிலேயே, 1665இல் கொள்ளைநோயும் மறு ஆண்டில் பெருந்தீயும் அந்நகரைச் சூறையாடின.

சமயப் பணிக்கென்று படிக்கவைக்கப்பட்ட அவர் வணிகத்தில் இறங்கினார். துணிவு மிகுதி, முன்யோசனை குறைவு. 1692இல் பதினேழாயிரம் பவுன் கடனில் மூழ்கினார். பின்னர்ச் செங்கற் சூளை ஒன்று வைத்து, அக்கடனிற் பெரும்பகுதியைத் தீர்த்தார்.

1702இல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தம் இனத்தாரைப் பகைத்த திருச்சபைக் கட்சியினர் ஒருவர் எழுதியது போலவே அது அமைந்திருந்தது. தனித்து வழிபடுவோரை நாடு கடத்துக, தூக்கிலிடுக என்று அது முழங்கியது. பகைவருட் சிலர் அதனை மெய்யென்றே நம்பி மகிழ்ந்தனர். எழுதியவர் யாரெனத் தெரிந்ததும் ஏமாந்தவர்களின் சினம் பொங்கியது. அவரைக் காட்டிக்கொடுப்பவர்க்கு ஐம்பது பவுன் பரிசு என அரசு அறிவித்தது. 1703இல் பிடிபட்ட டீபோ, தலையும் கைகளும் மரச்சட்டத்தின் துளைகளில் மாட்டப்பட்டு, மூன்று நாட்கள் பொதுவிடங்களில் நிறுத்தப்பட்டார். அவ்வாறு நிற்போர்மீது அழுகிய முட்டையும் கல்லும் எறிவது அக்கால வழக்கம். டீபோவின்மீதோ மக்கள் மலர் தூவினர் என்பர்.

சிறையில் இருந்தபோது சூளை அழிந்தது. மனைவி மக்கள் வறுமையுற்றனர். அமைச்சர் ஆர்லி அவரை விடுவித்தார். ஆனால் அவ்வுதவிக்கு விலை உண்டு. டீபோவின் எழுதுகோல் அரசுக்கு உரியதாயிற்று. 1704 முதல் 1713 வரை ஓர் இதழை ஏறக்குறையத் தனியொருவராகவே எழுதி நடத்தினார். 1706இல் இசுகாத்துலாந்திற்கு ஒற்றராகவும் சென்றார். பிற்காலத்தில் எதிர்க்கட்சி இதழ்களுக்குள் புகுந்து அவற்றின் வேகத்தைத் தணிக்கும் வேலையையும் அரசுக்காகச் செய்தார். புகழத்தக்க பணி அன்று அது.

அறுபதை நெருங்கிய வயதில், 1719இல், 'இராபின்சன் குரூசோ' வெளிவந்தது. முகப்பில் டீபோவின் பெயர் இல்லை; தனித்தீவில் வாழ்ந்த மாலுமியே தன் கதையை எழுதியதாக அது கூறிற்று. பிறர் குரலில் பேசும் ஆற்றல் முன்பு தண்டனை தந்தது. இப்போது அழியாப் புகழ் தந்தது. கொள்ளைநோயின்போது ஐந்து வயதுச் சிறுவராக இருந்தவர், அதனை நேரிற் கண்ட பெரியவர் ஒருவரின் குறிப்புப் போன்று 1722இல் ஒரு நூல் எழுதினார்.

பழங்கடன் இறுதிவரை அவரை விடவில்லை. 1731 ஏப்ரலில், கடன்காரர்க்கு அஞ்சி மறைந்திருந்த வாடகை அறையில் உயிர் நீத்தார். இலண்டனில் அவர் அடக்கம் செய்யப்பட்ட பன்ஹில் இடுகாட்டில் 1870இல் ஒரு நினைவுத்தூண் எழுந்தது. அதற்குப் பொருள் சேர்த்தவர்கள் குரூசோவின் கதையைப் படித்த சிறுவர் சிறுமியர்.