சென்னையில் சங்கம் கண்டார். பெங்களூரில் கண் மூடினார்

பி.பி.வாடியா வாழ்க்கை வரலாறு

பெங்களூர் பசவனகுடியில், காந்தி பஜாருக்குப் பக்கத்தில், பி.பி.வாடியா ரோடு இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போய் வரும் தமிழர்கள் ஏராளம். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், யாரோ பம்பாய் பணக்காரர் என்பார்கள்.

பம்பாய்க்காரர் என்பது உண்மைதான். ஆனால், சென்னை பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்துக் கொடுத்தவர் இவரே. முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பாமன் பெஸ்தன்ஜி வாடியா 1881-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தைக்குத் துணி வியாபாரம். வாடியாவின் மனம் வியாபாரத்தில் நிற்கவில்லை. பிரம்மஞான சபையில் சேர்ந்து சென்னை அடையாறுக்கு வந்துவிட்டார். அன்னி பெசன்ட் அம்மையாரின் வலது கையாக இருந்து, அவருடைய "நியூ இந்தியா" பத்திரிகையில் வேலை பார்த்தார். சுயாட்சி கேட்டுக் கிளர்ச்சி செய்ததற்காக, 1917-ம் ஆண்டு அம்மையாரோடு அவரையும் வெள்ளைக்கார அரசாங்கம் ஊட்டியில் காவலில் வைத்தது.

கடைக்காரர் கொண்டு வந்த சேதி

மறு ஆண்டு ஏப்ரல் மாதம் இரண்டு பேர் அவரைத் தேடி வந்தார்கள். ஒருவர் செல்வபதி செட்டியார். மில் பக்கம் துணிக்கடை வைத்திருந்தவர். இன்னொருவர் ராமானுஜலு நாயுடு. பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் வேலை செய்பவர்களின் கஷ்டத்தை இருவரும் எடுத்துச் சொன்னார்கள்.

அந்தக் காலத்துச் சட்டப்படி மில்லில் 12 மணி நேரம்கூட வேலை வாங்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, தின்று, திரும்ப உள்ளே போயாக வேண்டும். தாமதித்தால் கூலி போகும். போதாததற்கு மேலதிகாரிகளின் ஏச்சும் அடியும்.

வாடியாவுக்கு அதுவரை மில் விவகாரம் எதுவும் தெரியாது. இருந்தும் தட்டிக் கழிக்கவில்லை. 1918 ஏப்ரல் 27-ந்தேதி சென்னை தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. வாடியா தலைவர். தேடி வந்த இருவரும் செயலாளர்கள். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். கூட்டங்களில் வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். அதைத் தமிழில் மாற்றிச் சொல்வார்கள்.

முதல் வெற்றி, சாப்பாட்டு நேரம் 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் ஆனது. பத்து நிமிடம்தானே என்று ஆபீசில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பவர்கள் நினைக்கலாம். மில் கேட்டுக்கு வெளியே நின்று சாப்பிட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்போது முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. மில்லில் பட்டாளத்துக்குத் துணி நெய்தார்கள். அதனால் வேலைநிறுத்தம் வேண்டாம், பொறுமையாக இருங்கள் என்றே வாடியா தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அதே ஆண்டிலேயே நிர்வாகம் கதவடைப்பு செய்தது!

1919-ல் லண்டன் சென்று, நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார். அங்கிருந்து வாஷிங்டன் போய், முதல் சர்வதேச தொழிலாளர் மாநாட்டில், இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம்.ஜோஷிக்கு ஆலோசகராக இருந்தார்.

வழக்கு வந்தது

1920 கடைசியில் மில்லில் பெரிய தகராறு. டிசம்பர் மாதம் போலீஸ் சுட்டதில் முருகன், பாபுராவ் என்ற இரண்டு பேர் பலியானார்கள். தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றத் தலைவர்கள் மீதும் பின்னி கம்பெனி சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டு, நஷ்ட ஈடும் கேட்டது. அவர்கள் சங்க வேலை செய்யக்கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது.

சங்கத்துக்குப் பாதுகாப்பாக அன்று ஒரு சட்டமும் கிடையாது. கோர்ட்டு கேட்டால் தலைவர்கள் சொந்தப் பணத்தில்தான் கொடுக்க வேண்டும். வயிறு காய்ந்த தொழிலாளர்கள் ஒரு பக்கம், வழக்கு இன்னொரு பக்கம். 1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. வழக்கை கம்பெனி கைவிடும். வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும். வாடியா சம்மதித்தார்.

அவர் பணிந்துவிட்டார் என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. கோர்ட்டு தண்டத்தில் சங்கமே முழுகிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சங்கம் பிழைத்தது. அந்த ஆண்டே நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் திரு.வி.க. போன்றவர்கள் முன்னே நின்றார்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டம், தொழிலாளர்களுக்குள்ளேயே சாதிச் சண்டை மூண்டதால் தோற்றுப் போனது.

ஆனால் அந்த வழக்கு வேறு விதத்தில் பலன் தந்தது. இப்படியும் ஒரு நிலைமையா என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் ஜோஷி தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றினார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சொல்லி, பதிவு பெற்ற சங்கத்தின் மீதும் நிர்வாகிகள் மீதும் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. வாடியா மாட்டிக்கொண்ட அதே கண்ணி!

பசவனகுடியில்

வாடியா தொழிலாளர் இயக்கத்துக்குத் திரும்பி வரவே இல்லை. 1922-ல் அடையாறு சபையையும் விட்டு அமெரிக்கா, ஐரோப்பா என்று ஞானப் பணியில் சுற்றினார். 1929-ல் மனைவி சோபியாவுடன் பம்பாய் வந்தார். 1945-ல் பெங்களூர் பசவனகுடியில் பண்பாட்டுக் கழகத்தைத் தொடங்கினார்.

இதே ஊரில் பின்னி கம்பெனிக்கு ஒரு மில் இருந்தது. பின்னிப்பேட்டை என்ற பெயரே அதனால் வந்ததுதான். அங்கேயும் தமிழர்கள் தறி ஓட்டினார்கள். அந்த மில் இன்று இல்லை; பெரம்பூர் மில்களும் இல்லை.

1958 ஆகஸ்ட் 20-ந்தேதி, 76-வது வயதில், வாடியா பெங்களூரில் காலமானார். அவர் தொடங்கிய கழகம், அவர் பெயர் கொண்ட ரோட்டிலேயே, உலகப் பண்பாட்டுக் கழகம் என்ற பெயரில் நூலகத்தோடு நடந்து வருகிறது.