நீரைக் கொண்டு இரும்பைப் பிசைந்தவர்

பள்ளிப் பாடநூலில் ‘பிராமா அழுத்தி’ என்ற தலைப்பைக் கண்டதும் காஞ்சி மாணவர்களுக்கு நான்முகனே நினைவுக்கு வருவான். பிரமன் இங்கு வேள்வி செய்ததும், அதை அழிக்கச் சரசுவதி வேகவதி ஆறாகப் பெருகி வந்ததும் நாம் கேட்டு வளர்ந்த கதையன்றோ! ஆனால் நீரின் வலிமையைத் தொழிலுக்கு ஏவிய இந்தப் பிராமா வேறொருவர். இங்கிலாந்து நாட்டு உழவர் மகன்.

ஜோசப் பிராமா 1748-இல் யார்க்ஷயர் வட்டாரத்தில் பிறந்தார். பதினாறாம் வயதில் காலில் ஏற்பட்ட காயம் ஏர்பிடிக்க விடவில்லை. தச்சுத்தொழில் கற்று இலண்டன் சேர்ந்தார். அங்கே வீடுகளில் கழிப்பறைக் கருவிகள் பொருத்தும் வேலை கிடைத்தது. அவற்றின் குறையைத் திருத்தி 1778-இல் காப்புரிமை பெற்றார். அடுத்து, 1784-இல் ஒரு பூட்டு. அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடைச் சன்னலில் அறிவிப்பு வைத்தார்கள். 1851 வரை ஒருவராலும் இயலவில்லை. அவ்வாண்டு ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் போராடித் திறந்தார்.

பிராமாவின் பெயரை நிலைநிறுத்தியது 1795-இல் காப்புரிமை பெற்ற நீரியல் அழுத்திதான். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே கூறிவிட்டார். 1 சதுர செ.மீ. பரப்புள்ள உந்துதண்டின்மேல் 1 கிலோ வைத்தால், 100 சதுர செ.மீ. உந்துதண்டு 100 கிலோவைத் தாங்கும். ஏட்டில் இவ்வளவே. செய்து பார்த்தாலோ, தண்டைச் சுற்றி நீர் பீறிட்டது. இறுக்கி அடைத்தால் தண்டு நகர மறுத்தது. குழிந்த தோல்வளையம் ஒன்றை வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. அழுத்தம் ஏற ஏற நீரே தோலை விரித்து இடைவெளியை அடைக்கும்; அழுத்தம் தணிந்ததும் தோல் தளர்ந்து தண்டுக்கு வழிவிடும்.

இவ்வளையத்தைச் செய்தவர் பிராமாவின் பட்டறையில் ஊதியத்துக்கு உழைத்த ஹென்றி மாட்ஸ்லே என்பர். பதினெட்டு வயதில் வந்து சேர்ந்து, மேற்பார்வையாளராக உயர்ந்தவர். வாரம் 30 ஷில்லிங் போதவில்லை என்று 1797-இல் முறையிட்டார். பிராமா மறுத்தார். மாட்ஸ்லே விலகித் தனிப்பட்டறை கண்டார். பாடநூலில் அவர் பெயரைத் தேடினேன், இல்லை. மேதையின் வாழ்வில் இதை ஒரு கறையாகவே எண்ணுகிறேன்.

அப்படி எண்ணக் காரணம் உண்டு. கொல்லுப்பட்டறையிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். என் தந்தையார் லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சிக் கத்தியும் அரிவாளும் அடிப்பவர். அவர் தோள் ஓய்ந்து வருகிறது. சம்மட்டி அடிப்பவரோ அவரினும் முதியவர். ஆகவே சிறிய அழுத்தி ஒன்று வாங்கலாமா என்பதே இப்போது எங்கள் வீட்டுப் பேச்சு. (இன்றைய அழுத்திகளில் நீருக்குப் பதில் எண்ணெய்.) 1861-இல் வியன்னாவில் ஹாஸ்வெல் இரும்பை உருவாக்க அழுத்தியைக் கையாண்டார். சம்மட்டியின் அடி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அழுத்தியின் பிடி பழுக்கக் காய்ந்த இரும்பின் நடுவரை இறங்கும். பருத்த துண்டை நீட்ட அதற்கு நிகரில்லை. ஆயினும் மெல்லிய அலகு அதன் தட்டுகளில் பட்டதும் சூடிழந்து கறுத்துவிடும். விளிம்பும் நுனியும் கைச்சுத்தியலின் வேலைதான். எனவே தந்தையாருக்கு வேலை போகாது, சம்மட்டிக்காரருக்குத்தான் போகும். அவருக்கு என்ன வழி என்று தந்தையார் கேட்கிறார். நான் இன்னும் விடை சொல்லவில்லை.

பிராமாவைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கடைசிவரை வேலை நடக்கும் இடத்திலேயே நின்றவர் அவர். 1814-இல் ஹாம்ப்ஷயரின் ஹோல்ட் காட்டில் தம் அழுத்தியைக் கொண்டு மரங்களை வேரோடு பெயர்க்கும் பணியை மேற்பார்வையிட்டபோது குளிர் தாக்கியது. அது நுரையீரல் அழற்சியாக முற்றி, டிசம்பர் 9-ஆம் நாள், தம் 66-ஆம் வயதில் காலமானார்.