சைக்கிள் செயினுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் மனிதர்... ஹான்ஸ் ரெனால்டைத் தெரியுமா?

காலையில சைக்கிளை எடுத்து ரெண்டு மிதி மிதிச்சதும் கறக்... கறக்னு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா செயின் முழுக்க கறுப்பா ஒரு பசை. விரல் பட்டா விரல் கறுப்பு, பேன்ட் பட்டா பேன்ட் காலி. உடனே நாம என்ன பண்ணுவோம்? வீட்டுல இருக்கிற எண்ணெயை எடுத்து செயின் மேல தாராளமா ஊத்துவோம். சத்தம் நின்னுடும். நாலே நாள்ல மறுபடியும் கறக்... கறக்!

ஏன் இப்படி ஆகுது? பதில் செயினுக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கு. அந்த உள்பகுதியைப் பற்றி 145 வருஷத்துக்கு முன்னாடியே தலையைப் பிச்சுக்கிட்டு யோசிச்ச ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் ஹான்ஸ் ரெனால்ட். இன்னிக்கு உலகத்துல ஓடுற சைக்கிள்கள், பைக்குகள் பெரும்பாலானவற்றின் செயின் அவர் போட்ட பாதையில்தான் ஓடுது. அவர் கதை தெரிஞ்சா, செயினை எப்படிப் பராமரிக்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

21 வயசுல மான்செஸ்டர்!

1852-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்தவர் ரெனால்ட். சூரிச் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். படிப்பு முடிந்ததும் 1873-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 21 வயது.

ஏன் மான்செஸ்டர்? அன்றைக்கு உலகப் பருத்தித் தொழிலின் தலைநகரமே அதுதான். எங்கே திரும்பினாலும் நூற்பாலை, நெசவாலை, புகைபோக்கி. இயந்திரங்கள் மேல ஆசை இருந்த ஒரு பையனுக்கு இதைவிட வேறு ஊர் கிடைக்காது. இயந்திரங்களை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆறு வருஷம் கழித்து, 1879-ல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சால்ஃபோர்டில் ஒரு சின்னப் பட்டறை விலைக்கு வந்தது. ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் ஆரம்பித்த அந்தப் பட்டறை, பஞ்சாலை இயந்திரங்களுக்கு செயின் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ரெனால்ட் அதை வாங்கினார். அப்போது அவருக்கு 27 வயது. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, பார்த்துக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சுட்டார்.

தேய்மானம் எங்கே நடக்குது?

ஸ்லேட்டர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. 1864-லேயே ஒரு செயினுக்குக் காப்புரிமை வாங்கியவர். ஆனால், அந்த செயினில் ஒரு சிக்கல் இருந்தது. சீக்கிரமே தேய்ந்துபோகும்.

இதைப் புரிஞ்சுக்க உங்க கதவுக் கீலை நினைச்சுக்கோங்க. செயினில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு குட்டிக் கீல்தான். நடுவில் ஒரு பின், அதைச் சுற்றித் திரும்பும் தகடுகள். ஸ்லேட்டர் செயினில், உள்தகட்டின் மெல்லிய விளிம்பு நேரடியாகப் பின்னின் மேல் உட்கார்ந்திருந்தது. இழுக்கிற பாரம் மொத்தமும் அந்த மெல்லிய விளிம்பில் இறங்கும். கத்தியை நூல் மேல வெச்சு அழுத்துற மாதிரி. தேயாமல் என்ன செய்யும்?

ரெனால்ட் 1880-ல் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். இரண்டு உள்தகடுகளுக்கும் நடுவே ஒரு சின்னக் குழாயை இறுக்கிப் பொருத்தினார். அதன் பெயர் புஷ். பின் இப்போது அந்தக் குழாய்க்குள் சுழலும். பாரம் தகட்டின் விளிம்பில் இறங்காமல், குழாயின் முழு நீளத்துக்கும் பரவும். குழாய்க்கு வெளியே ஒரு ரோலர் தனியாகச் சுழலும். பல் சக்கரத்தின் பற்களோடு உரசுவது அந்த ரோலர் மட்டும்தான்.

அவ்வளவுதான். பின், புஷ், ரோலர். மூன்று துண்டு. அந்த புஷ் ரோலர் செயினுக்கு அவர் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு கியர் சைக்கிள்களில் வரும் மெல்லிய செயின்களில் தனிக் குழாய் இருக்காது. உள்தகட்டையே வளைத்து அந்தக் குழாயின் வேலையைச் செய்ய வைத்திருப்பார்கள். ஐடியா என்னவோ அதே ஐடியாதான்.

சைக்கிளை மாத்தின செயின்

ரெனால்ட் பட்டறைக்கு அப்போது முக்கிய வாடிக்கையாளர்கள் ஆலைகள்தான். ஆனால், அதே காலத்தில் இன்னொரு பக்கம் சைக்கிள் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது.

பழைய படங்களில் பார்த்திருப்பீங்க. முன்னாடி ஆள் உயரச் சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம். அதில் பெடல் நேரடியாக முன்சக்கரத்தில் இருக்கும். ஒரு மிதி மிதித்தால் சக்கரம் ஒரு சுற்று மட்டுமே சுற்றும். வேகம் வேணுமா, சக்கரத்தைப் பெருசாக்கு! அதனால் உயரம் கூடிக்கொண்டே போனது. ஒரு கல் இடறினால் போதும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார்.

செயின் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. முன்னால் பெரிய பல் சக்கரம், பின்னால் சின்னது. ஒரு மிதிக்கு பின்சக்கரம் இரண்டு, மூன்று சுற்று சுற்றும். சக்கரம் சின்னதாக இருந்தாலும் வேகம் கிடைக்கும். 1885-ல் கோவென்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள் இந்த வடிவத்தை நிலைநிறுத்தியது. பெண்களும் பெரியவர்களும் பயமில்லாமல் ஏறி உட்கார முடிந்தது. ஆரம்பத்தில் வேறு வகை செயின்களும் போட்டியில் இருந்தன. கடைசியில் நிலைத்து நின்றது ரோலர் செயின்தான். 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தபோது, இன்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குச் சக்தியைக் கொண்டுபோனதும் செயின்தான். சைக்கிள் கடைக்காரர்கள் ஆச்சே!

ரெனால்ட் அதோடு நிற்கவில்லை. 1895-ல் பற்கள் உள்பக்கமாகப் பார்க்கும், சத்தம் குறைந்த இன்னொரு செயினையும் உருவாக்கினார். தொழிற்சாலைகளுக்கு அது பெரிய வரம்.

ஆளும் தேயக் கூடாது

மெஷின் தேய்மானத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தவர், அதை இயக்கும் ஆட்களைப் பற்றியும் யோசித்தார். அன்றைக்கு இன்ஜினீயரிங் பட்டறைகளில் வாரம் 53, 54 மணி நேர வேலை சாதாரணம். ரெனால்ட் 1896-ல் தன் தொழிற்சாலையில் அதை 48 மணி நேரமாகக் குறைத்தார். இங்கிலாந்து இன்ஜினீயரிங் துறையில் இதை முன்கூட்டியே செய்த வெகு சிலரில் அவரும் ஒருவர். தொழிலாளர்களுக்கு கேன்டீன் வந்தது. பிறகு, அவர்களுக்கான சமூக அமைப்பும் வந்தது.

இதெல்லாம் வெறும் தர்ம சிந்தனைன்னு நினைச்சுடாதீங்க. அவர் கறாரான ஆள். அமெரிக்கா போய் அங்கே தொழிற்சாலைகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவந்தவர். எதையும் அளந்து பார்க்கணும், கணக்கு வைக்கணும் என்பது அவர் வழி. களைத்துப்போன ஆள் செய்யும் செயின் சரியாக வராது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த மகன் சார்லஸ், பின்னாளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து பேசும் முறையை அங்கே வளர்த்தார்.

1930-ல் ரெனால்டின் நிறுவனமும் கோவென்ட்ரி செயின் நிறுவனமும் ஒன்றாகின. 1943-ல், 90 வயதில், ரெனால்ட் காலமானார். இன்றைக்கு அவர் பெயரில் ஒரு செயின் தொழிற்சாலை நம்ம திண்டுக்கல் மாவட்டத்திலும் ஓடுகிறது.

சரி, நம்ம செயினுக்கு வருவோம்

இப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு பதில் தெரிஞ்சிருக்கும். தேய்மானம் நடப்பது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். அங்கேதான் வழவழப்பு வேணும். வெளியே வழியும் எண்ணெய்க்கு ஒரே ஒரு வேலைதான்... ரோட்டுத் தூசியைப் பிடித்து ஒட்டவைப்பது. எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் அரைக்கும் பசை. அது உள்ளே போய் பின்னை ராவிவிடும்.

செயின் நீண்டுபோச்சுன்னு மெக்கானிக் சொல்வாரே... உண்மையில் இரும்பு நீளாது. ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் தேய்வதால் மொத்த நீளம் கூடுகிறது. நீங்களே அளக்கலாம். ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 மூட்டு எண்ணுங்க. புது செயினில் சரியாக 12 இஞ்ச் வரும். அதற்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் கியர் சைக்கிளுக்கு செயின் மாற்றும் நேரம் வந்தாச்சு. மூன்று மில்லிமீட்டர் கூடினால் பல் சக்கரமும் சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றரை மில்லிமீட்டரை 24 மூட்டுக்குப் பிரித்துப் பாருங்க. ஒரு மூட்டுக்கு ஒரு தலைமுடி கனம்தான். அவ்வளவு சின்னத் தேய்மானம் மொத்த செலவையும் இழுத்துவிடுது.

இதுக்கு வீட்டுலயே செய்யக்கூடிய நல்ல வழி, மெழுகு. இது புதுசும் இல்லை. ரெனால்ட் காலத்திலேயே உருக்கிய கொழுப்பில் கிராஃபைட் கலந்து செயினை ஊறவைக்கும் பழக்கம் இங்கிலாந்தில் இருந்தது.

* செயினைக் கழற்றி, மினரல் டர்பன்டைனில் நாலைந்து முறை அலசுங்க. கடைசி அலசலில் கறுப்பே வரக் கூடாது. புது செயினில் கம்பெனி தடவியிருக்கும் கிரீஸும் போகணும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

* நன்றாக, முழுசாகக் காயவிடுங்க. இந்த ஸ்டெப்பில் அவசரப்பட்டால் மெழுகு ஒட்டாது.

* நிறமும் வாசனையும் இல்லாத பாரஃபின் மெழுகை ஒரு பழைய பாத்திரத்தில் போட்டு, அதை வெந்நீர் இருக்கும் பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்க. நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். சமையல் பாத்திரமும் கூடாது. மெழுகுக்குள் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கோங்க.

* செயினை ஒரு கம்பியில் கோத்து மெழுகில் இறக்குங்க. குமிழ் குமிழாக வரும். அது மூட்டுகளுக்குள் இருக்கும் காற்று. 10 நிமிஷம் விட்டு, அவ்வப்போது அசைத்துக் கொடுங்க. குமிழ் நின்றால் மெழுகு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

* வெளியே எடுத்துத் தொங்கவிடுங்க. ஆறினதும் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும். ஒவ்வொரு மூட்டாக மடக்கி இளக்கிவிட்டு மாட்டுங்க. கிளிப் வைத்த லாக் என்றால், கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும்.

சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டியதும், இல்லைன்னா சத்தம் கேட்க ஆரம்பித்ததும், மறுபடி ஒரு முக்கு. மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைத்துக் காயவைத்து மெழுகு போடுங்க. இல்லைன்னா துரு பிடிக்கும். ஒரு எச்சரிக்கை... பைக் செயின்களில் பலவற்றில் ரப்பர் வளையம் இருக்கும். அதுக்கு இந்த டர்பன்டைன், சுடு மெழுகு வைத்தியம் ஆகாது.

இவ்வளவுக்கெல்லாம் நேரம் இல்லையா? பரவாயில்லை. செயினைத் துணியால் அழுத்தித் துடைங்க. ஒவ்வொரு ரோலர் மேலயும் ஒரே ஒரு சொட்டு செயின் ஆயில் விடுங்க. பெடலைப் பின்பக்கமாக ஒரு நிமிஷம் சுத்துங்க. அப்புறம், வெளியே தெரியும் எண்ணெயை மொத்தமாகத் துடைச்சு எடுத்துடுங்க. கடைசி வேலைதான் முக்கியம். நம்மில் பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

நாளைக்குக் காலையில சைக்கிளை எடுக்கும்போது குனிஞ்சு அந்த செயினை ஒரு தடவை பாருங்க. வெளியே எவ்வளவு பளபளப்பா இருக்குன்னு இல்லை, உள்ளே அந்தக் குட்டிக் குழாய்க்கு நாம ஏதாவது செஞ்சோமான்னு யோசிங்க. ரெனால்ட் சால்ஃபோர்டு பட்டறையில யோசிச்சதும் அதைத்தான்.