கணக்கேட்டுக்கு இலக்கணம் வகுத்த எட்கர் காட்

அல்லிநகரத்திற்கு அண்மையிலுள்ள போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்றது என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். அங்கே ஒரு வியாபாரி, காய் கொணரும் குடியானவரின் பெயரையும் ஊரையும் விற்பனை வரிதோறும் எழுதிவருகிறார் எனக் கொள்வோம். குடியானவர் ஊர் மாறின், நூறு வரிகளைத் திருத்தல் வேண்டும்; ஒன்று விடுபடினும் பேரேடு தன்னோடு தானே முரண்படும். இச்சங்கடத்தைக் கணிப்பொறி உலகினின்று நீக்க வழிகண்ட எட்கர் காட் என்னும் பேரறிஞரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையைச் சார்ந்த போர்ட்லண்ட் தீவில் பிறந்தார். தந்தையார் தோல் தொழில் நடத்தியவர். தாயார் பள்ளி ஆசிரியை. மக்கள் எழுவருள் இவரே இளையவர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இரசாயனமும் கணிதமும் பயின்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானியாகப் பணிபுரிந்தபின், 1948-இல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஸ்தாபனத்தில் அமர்ந்தார். அந்நாட்டில் மக்கார்த்தி நடத்திய அரசியல் வேட்டையைப் பொறாது, 1953-இல் கனடாவிற்குப் பெயர்ந்து சில ஆண்டுகள் வசித்தார். மீண்டு வந்தபின், நாற்பது வயதைக் கடந்தும் கல்வியில் ஆர்வம் குன்றாதவராய், 1965-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளில் தகவல்கள் மரக்கிளைகள்போல் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒரு விவரத்தைப் பெறுதற்கு அஃதிருக்கும் வழியைப் புரோகிராம் எழுதுவோர் அறிந்திருத்தல் அவசியம். வைப்புமுறை மாறின் புரோகிராமும் பழுதாகும். 1970-இல் காட் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை மாற்றிற்று. தகவல்களை அட்டவணைகளாக வகுத்து, வேண்டுவது யாதென்று கேட்டாற் போதும்; எடுக்கும் வழியை யந்திரமே தேடிக்கொள்ளும் என்று கணித முறையால் நிறுவினார். நம் வியாபாரிக்கு இனிக் குடியானவர் அட்டவணை ஒன்று, விற்பனை அட்டவணை ஒன்று. பின்னதில் குடியானவரின் எண் மாத்திரமே இருக்கும். ஊர் மாறின் ஓரிடத்தில் திருத்தினாற் போதும்.

இவ்வுண்மையை ஏற்க அவருடைய ஸ்தாபனமே தயங்கிற்று. பழைய முறையில் அமைந்த சரக்கை அது விற்றுவந்ததே காரணம். அதன் ஆய்வுக்கூடத்தார் பின்னர்ச் சோதனை செய்து நிறைவேற்றினர். ஆயினும் 1979-இல் சந்தைக்கு முந்தி வந்தது ஆரக்கிள் என்னும் பிறர் சரக்கே. 1981-இல் டூரிங் பரிசு காட் அவர்களை அடைந்தது. பெயரளவில் தம் முறையைக் கைக்கொண்டு விற்போரைக் கண்டு வருந்தி, 1985-இல் உண்மையானதை அறிதற்குரிய விதிகளை வெளியிட்டார். 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தமது எழுபத்தொன்பதாம் வயதில் புளோரிடாவில் காலமானார்.

1979-இல் நார்வே நாட்டு ரீன்ஸ்காக், கணிப்பொறிச் செயலிகளை மாடல், வியூ, கண்ட்ரோலர் என மூன்றாகப் பிரித்தார். விவரங்களைக் காப்பது மாடல். அவற்றைக் காட்டுவது வியூ. பயனரின் கட்டளையை ஏற்று நடத்துவது கண்ட்ரோலர். இன்று வலைச் செயலி அமைக்கும் நம் மாணவர் பலரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர். அவருட் சிலர் திரையின் அழகிலேயே காலம் போக்கி, மாடலின் அடியிலுள்ள அட்டவணைகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என விடுகின்றனர். திரையை ஒரு நாளில் மாற்றலாம். பிழைபட வகுத்த அட்டவணையில் தகவல் நிரம்பியபின் திருத்துதல் பெரும்பாடு. ஓருண்மைக்கு ஓரிடம் என்னும் நெறியை முதற்கண் கைக்கொள்ளுதலே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.