குழந்தைகளுக்குக் கச்சேரி வைத்த வியாபாரி

இந்த முறை நான் எழுதுவது ராபர்ட் மேயரைப் பற்றி. 1879-ல் ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே பியானோ கற்றார். ஆனால் அவர் அப்பா வியாபாரம்தான் செய்யணும் என்று சொல்லிவிட்டார். 1896-ல் லண்டனுக்கு வந்து, உலோக வியாபாரம் செய்து பணக்காரர் ஆனார். ஆனாலும் இசை ஆசை மட்டும் போகவே இல்லை.

1919-ல் டோரதி மோல்ட்டன் என்ற பாடகியை மணந்தார். பிறகு நியூயார்க்கில் வால்டர் டாம்ரோஷ் என்பவர் குழந்தைகளுக்காகவே நடத்திய கச்சேரியைப் பார்த்தார். நம்ம ஊரிலும் இப்படி வைத்தால் என்ன என்று தோன்றியது. 1923-ல் கணவனும் மனைவியும் சேர்ந்து லண்டனில் தொடங்கிவிட்டார்கள்.

பெரியவர்கள் கச்சேரியில் சின்னப் பிள்ளை வாயைத் திறந்தாலே முறைப்பார்கள் இல்லையா? இங்கே பிள்ளைகளுக்குத்தான் முன்வரிசை. சனிக்கிழமை காலையில் நடக்கும். மால்கம் சார்ஜென்ட் என்ற இசை நடத்துனர் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி விளக்கம் சொல்வார். வாசித்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, தேர்ந்த கலைஞர்கள். ஆனால் டிக்கெட் மலிவு. அந்தக் காசில் இத்தனை கலைஞர்களுக்குச் சம்பளம் எப்படிக் கட்டும்? மேயர் தன் கைப்பணத்தைப் போட்டார். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். தனக்குக் கிடைக்காமல் போனதை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

1939-ல் சர் பட்டம் கிடைத்தது. வளர்ந்த பிள்ளைகளையும் விடக் கூடாது என்று 1954-ல் இளைஞர்களுக்காகத் தனி அமைப்பு தொடங்கினார். நூறு வயதில் தன் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார்!

1985-ல் இறந்தபோது அவருக்கு வயது 105. முதல் கச்சேரிக்கு வந்த பிள்ளைகளே அப்போது தாத்தா, பாட்டி ஆகியிருப்பார்கள்.