ஆல் ஸ்மித்

சென்ற ஆண்டு அமெரிக்க வரலாற்று வகுப்புக்கு எழுதிய கட்டுரையில், ஆல் ஸ்மித் கத்தோலிக்கர் என்பதால் தோற்றார் என ஒரே வரியில் முடித்திருந்தேன். பேராசிரியர் அந்த வரியின் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். அதுதான் அம்மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதன் அருகே, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், 1873 டிசம்பர் 30ஆம் நாள் பிறந்தார் ஸ்மித். தந்தை வண்டியோட்டிப் பிழைத்தவர். மகன் சிறுவனாயிருக்கும்போதே மறைந்தார். படிப்பு நின்றது. ஃபுல்ட்டன் மீன் சந்தை வேலைக்கு அழைத்தது. தாம் பெற்ற பட்டம் அந்தச் சந்தையின் பட்டமே என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம். பட்டத்துக்காக ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்திருக்கும் நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்கிறது!

டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பு, ஊழலுக்குப் பேர்போனது. அதுவே அவரை 1904இல் மாநிலச் சட்டசபைக்கு ஏற்றிவிட்டது. 1911இல் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். விசாரணைக் குழுவின் துணைத்தலைவரான ஸ்மித் தொழிற்சாலைகளை நேரில் பார்த்தார்; தொழிலாளரைக் காக்கும் சட்டங்களை முன்னின்று நிறைவேற்றினார். மக்கள் அவரை நான்கு முறை கவர்னராக்கினர்.

1924இல் அவருடைய ஜனநாயகக் கட்சி நியூயார்க்கில் மாநாடு கூட்டியது. கறுப்பர், யூதர், கத்தோலிக்கர் அனைவரையும் பகைத்த கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் மயிரிழையில் தோற்றது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 முறை வாக்கெடுத்தார்கள். கடைசியில் வேறொருவர் வந்தார். இங்கே நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது யோசித்தேன். ஸ்மித்தின் மதத்தை அவருக்கு எதிராக நிறுத்தியவர்கள் சொந்தக் கட்சிக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள்!

எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு. ஆயினும் 1927இல் வழக்கறிஞர் ஒருவர், திருச்சபையின் ஆணைக்கும் நாட்டின் சட்டத்துக்கும் மோதல் வந்தால் எதற்குப் பணிவீர் என்று பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். திருச்சபையும் அரசும் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும் என்பதே தம் நம்பிக்கை என்று ஸ்மித் அதே பத்திரிகையில் பதில் தந்தார்.

பதில் யாருக்கு வேண்டும்? 1928இல் ஹூஸ்டன் மாநாட்டில் அவர் வேட்பாளரானதும் வதந்திகள் கிளம்பின. ஹட்சன் ஆற்றின் அடியில் அப்போதுதான் திறந்திருந்த ஹாலந்து சுரங்கப் பாதை, போப்பாண்டவரை அழைத்துவர ரோம் வரை நீளப்போகிறதாம்! அவர் ஓக்லஹோமாவுக்கு ரயிலில் போன வழியில் சிலுவைகளைக் கொளுத்தினார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவர் மதவெறியை ஆதரித்துப் பேசியவரல்லர். அது கொண்டுவந்த வாக்கை அவர் கட்சி வேண்டாமென்று சொல்லவுமில்லை.

ஆனால் கேள்விக்குறிக்கும் காரணம் இருந்தது. நாடு அப்போது செழிப்பாயிருந்தது. ஆளும் கட்சியை மாற்ற எவருக்கும் அவசரமில்லை. ஸ்மித்தோ மதுவிலக்கின் எதிரி. தேர்தல் குழுவில் ஹூவருக்கு 444 வாக்குகள், அவருக்கு 87. சொந்த மாநிலமே கைவிட்டது. அலபாமா, மிசிசிப்பி முதலிய ஆறு தென் மாநிலங்கள் கட்சிப் பற்றால் அவரோடு நின்றன. டெக்சஸும் வர்ஜீனியாவும் கட்சியையே உதறின. எனினும், நாடெங்கும் அவருக்கு விழுந்த வாக்குகள் சுமார் 1.5 கோடி, அவர் கட்சி 1924இல் பெற்றதைவிட மிக அதிகம்.

பின்னர் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எழுப்பிய கம்பெனிக்குத் தலைவரானார். ரூஸ்வெல்ட்டிடம் மனக்கசப்பு முற்றி, 1936இல் எதிர்க்கட்சி வேட்பாளரையே ஆதரித்தார். தொழிலாளருக்காக உழைத்தவரின் இந்தத் திருப்பத்தை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 1944 அக்டோபர் 4ஆம் நாள் காலமானார்.

1960இல் கென்னடி, ஸ்மித் வேட்பாளரான அதே ஹூஸ்டன் நகரில், புராட்டஸ்டண்ட் குருமார்களின் முன் நின்று அதே கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. அவர் வென்றார்.

என் ஒற்றை வரி மூன்று பக்கமாயிற்று. பேராசிரியர் இம்முறை கேள்விக்குறி போடவில்லை, மதிப்பெண்ணையும் கூட்டவில்லை.