சர்ப்பகந்தியும் டாக்டர் வக்கீலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களினின்றும் நம் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு உப்பைப்பற்றி எடுத்துரைத்தல் வேண்டா. பச்சைத் தோல் அழுகாதிருத்தற்கு அதன்மேல் உப்பைத் தூவி அடுக்குவர். பதனிடும்போது கழுவப்பட்ட அவ்வுப்பு பாலாற்றுப் படுகையிற் சேர்ந்து கிணற்று நீரையும் கரிக்கச் செய்தமை இவ்வட்டாரத்தார் யாவரும் அறிந்ததே. எம் பாட்டனார் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் நாற்பதாண்டு கணக்கெழுதியவர். ஊறுகாயும் கருவாடும் இன்றி அவர்க்குச் சோறு இறங்காது. மருத்துவர் ஒருவர் அவரது இரத்தக் கொதிப்பை அளந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு திங்கள் உண்டபின், தலைவலியோ மயக்கமோ தமக்கு இல்லையென்றும், இல்லாத நோய்க்கு மருந்து எதற்கென்றும் கூறி அதனை நிறுத்திவிட்டார். பின்னர் எவரோ கூறியதைக் கேட்டு, நாட்டு மருந்துக் கடையில் ஒரு வேர்ப்பொடியை வாங்கி, விரலால் அள்ளியதே அளவாக உண்டு வந்தார். சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் வலக்கையும் வலக்காலும் வழங்காது, நாவும் குழறி, திண்ணையருகே வீழ்ந்தார்.

அப்பொடி யாது என்று வினவியபோது, சர்ப்பகந்தி வேர் என்றனர். அற்பப் பொருள் ஒன்றை நம்பி முதியவர் கெட்டார் என்றே யாம் முதலில் சினங்கொண்டோம். ஆனால் அவ்வேரைப்பற்றிப் படிக்கப் புகுந்தபோது எம் சினம் வெட்கமாக மாறியது. இரத்தக் கொதிப்பு மருத்துவத்தின் வரலாற்றில் அவ்வேர்க்கு ஓர் உயர்ந்த இடம் உண்டென்றும், அவ்விடத்தை அதற்குத் தேடித் தந்தவர் பம்பாய் மருத்துவர் ஒருவர் என்றும் அறிந்தோம். அவர் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ருஸ்தம் ஜால் வக்கீல் என்பது அவர் பெயர். வழக்கறிஞர் போலும் என்று யாரும் மயங்கற்க. பார்சி மக்கள் தம் முன்னோர் செய்த தொழிலையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளும் வழக்கமுடையோர். அவர் 1911ஆம் ஆண்டு பிறந்தார். இலண்டன் மாநகர்க்குச் சென்று மருத்துவம் பயின்று, உயர்ந்த பட்டங்களைப் பெற்று, இரண்டாம் உலகப்போர் மூளுமுன்னரே பம்பாய்க்கு மீண்டார். கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் இதய நோயாளரைப் பார்க்கும் பணி அவர்க்குக் கிட்டியது. மேனாட்டுப் பட்டத்தோடு வந்தவர் மேனாட்டு மருந்தையே போற்றியிருத்தல் இயல்பு. அவரோ தம் நாட்டு வேர் ஒன்றன்மீது கருத்தைச் செலுத்தினார்.

அக்காலத்தில் இரத்தக் கொதிப்புக்கு மருத்துவர் கையில் இருந்தவை மிகச் சில. உறக்க மருந்து கொடுப்பர். ஓய்வு கொள்ளுமாறு கூறுவர். நோய் முற்றியவர்க்கு முதுகெலும்பின் மருங்கிலுள்ள நரம்புகளை அறுத்தெறியும் கொடிய அறுவையும் செய்வர். அமெரிக்காவில் கெம்ப்னர் என்பார், உப்பே சேராத வெறுஞ்சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் உண்ணச் செய்து சிலர்க்கு அழுத்தத்தைத் தணித்தார். சோற்றையே மருந்தாக்கிய செய்தி நம்மனோர்க்கு நகை தரலாம். ஆனால் உப்பற்ற சோற்றை எத்தனை நாள் உண்ண இயலும் என்று எம் பாட்டனாரைக் கேட்டால் தெரியும். அமெரிக்க நாட்டுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார். அன்று அவரை அளந்தபோது அழுத்தம் 300க்கு 190 இருந்தது. உலகப் பெருந்தலைவர் ஒருவர்க்கே அக்காலத்தில் தக்க மருந்து இல்லை என்பதை இது காட்டும்.

சர்ப்பகந்தி புதிதாகக் கண்ட பூண்டன்று. பாம்புக்கடிக்கும், பித்துக்கும், உறக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர் அதனை நெடுங்காலமாக வழங்கி வந்தனர். ஐரோப்பியர் அதற்கு ராவுல்பியா என்று பெயரிட்டது 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செருமானிய மருத்துவர் லியோனார்டு ராவுல்பின் நினைவாக. அம்மனிதர் இந்தியாவில் அடியெடுத்து வைத்தவரே அல்லர்! பூண்டு நம்முடையது, பெயர் பிறருடையது; இத்தகைய விந்தைகள் செடிநூலில் மலிந்துள்ளன. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேர் பித்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியலார் வேரிலுள்ள சத்துக்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் ஒன்றற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் சோப்ராவும் அவர் துணைவரும் விலங்குகளில் அதனைச் சோதித்தனர். எனவே வேரின் குணத்தை முதலிற் கண்டவர் வக்கீல் என்று கூறுதல் தவறாகும். அவரும் அவ்வாறு கூறிக்கொண்டதாக யாம் அறியோம்.

ஆயின் அவர் செய்தது யாது? திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார். வக்கீல் அவற்றோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார் எனலாம், அது குறிப்பேடு. இரத்த அழுத்தம் நாழிகைக்கு நாழிகை மாறுவது. மாடிப்படி ஏறினால் உயரும். மருத்துவரைக் கண்ட அச்சத்தாலும் உயரும். சற்றுப் படுத்திருந்தால் தானே தாழும். ஆகவே மருந்து கொடுத்த மறுநாள் தாழ்ந்தது என்ற அளவில் மருந்தின் பயன் என்று துணிதல் கூடாது. வக்கீல் 50 நோயாளரைத் தேர்ந்துகொண்டார். மருந்தின்றி முதலில் அவர்களை நோக்கி, அவரவர்க்கு இயல்பாக நிற்கும் அழுத்தம் எவ்வளவு என்று குறித்தார். அதன்பின் வேரினின்று செய்த மாத்திரைகளை அளவறிந்து நான்கு வாரம் கொடுத்தார். இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் உள்ள அழுத்தம் இரண்டையும் மறுபடி அளந்து முன்னையதோடு ஒப்பிட்டார். பெரும்பாலோர்க்கு அழுத்தம் தணிந்தது. ஆயின் எல்லார்க்கும் அன்று. தணிந்தோர்க்கும் ஒரே அளவில் அன்று. அவற்றையெல்லாம் உள்ளவாறே எழுதி, பிரித்தானிய இதய மருத்துவ இதழுக்கு அனுப்பினார். 1949ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அதே ஆண்டில்தான் நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பு மருத்துவத்திற்கென இந்நாட்டின் முதல் துறையைத் தோற்றுவித்தார். இது தற்செயலான பொருத்தமே எனினும், வேலூர் மாணவர்க்கு ஆண்டை நினைவில் நிறுத்த உதவும்.

இவ்விடத்து ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. நோயாளரைச் சீட்டுப்போட்டு இரு கூறாக்கி, ஒரு கூறார்க்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்துச் சத்தில்லா மாத்திரையும் கொடுத்து, எவர்க்கு எது என்பதை மருத்துவரும் அறியாதிருக்கும் முறையே இற்றைநாளில் சிறந்ததாகக் கொள்ளப்படுகின்றது. வக்கீலின் ஆய்வு அவ்வாறு அமைந்ததன்று. சீட்டுப்போட்டுப் பிரிக்கும் முறையே, இங்கிலாந்தில் காச நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த ஆய்வின் வாயிலாக 1948ஆம் ஆண்டில்தான் மருத்துவருலகில் பரவலாக அறியப்பட்டது. அவர் கையில் இருந்த கருவி அளவுமானியும் பொறுமையும் மட்டுமே. எனினும் ஐம்பதின்மரையும் மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரு நெறியில் அளந்த அச்செயலே, கேள்விச் செய்தியாக இருந்ததை யாரும் சரிபார்க்கத்தக்க செய்தியாக ஆக்கியது.

அவ்வாறே சரிபார்க்கவும் செய்தனர். பாஸ்டன் நகரத்து வில்கின்ஸ் என்னும் மருத்துவர் வக்கீலின் கட்டுரையைக் கண்டு, இந்தியாவினின்று மாத்திரைகளை வரவழைத்துத் தம் நோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டார். 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு பாசல் நகரில் சீபா நிறுவனத்து வேதியியலார் வேரின் உயிர்ச்சத்தைத் தனியே பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டனர். நரம்பு முனைகளிற் சேமித்து வைக்கப்பட்டுள்ள நோரட்ரினலின் என்னும் பொருளை அது வற்றச் செய்கின்றது. அதனால் இரத்தக் குழாய்கள் நெகிழ்கின்றன. இதயமும் மெல்லத் துடிக்கின்றது. மூளையினுள்ளும் அஃது அவ்வாறே செய்தலால் பித்துக்கும் பயன்பட்டது. அக்காரணத்தாலேயே சிலர்க்கு ஆழ்ந்த மனச்சோர்வையும் தந்தது. பல ஆண்டுகட்குப் பின் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களை எழுந்து நடக்கச் செய்தே, மூளையில் டோபமின் என்னும் பொருளின் பணியை உணர்ந்தார். ஒரு வேர் சென்ற தூரம் வியக்கத்தக்கது.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வக்கீலுக்கு அளிக்கப்பட்டது. மருத்துவ ஆய்வுக்கு அந்நாட்டில் வழங்கப்படும் மிகப் பெரிய சிறப்பு அதுவே. மறு ஆண்டில் நம் அரசினர் பத்மபூஷண் பட்டம் ஈந்தனர். 1965ஆம் ஆண்டில் சாந்தி சொரூப் பட்நாகர் பரிசும் கிடைத்தது. பரிசுகளைப்பற்றி இதற்குமேல் எழுதுதல் வேண்டா.

எமக்குப் பரிசுகளினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அழுத்தத்தைத் தணித்தால் எண் குறையும், மெய், ஆனால் மனிதன் பிழைப்பானா? மூளையின் குழாய் வெடிப்பதும் இதயம் சோர்வதும் குறையுமா? இவ்வினாவுக்கு வக்கீலின் நான்கு வாரம் விடை தர இயலாது. அவ்விடை அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு பிரைஸ் நடத்திய ஆய்வினின்று வந்தது. சிறுநீர் பெருக்கும் மருந்து ஒன்றோடு ரெசர்பினையும் ஹைட்ரலசினையும் ஒரு கூறார்க்குக் கொடுத்தனர். மற்றவர்க்குச் சத்தில்லா மாத்திரை. அழுத்தம் மிக உயர்ந்த 143 பேரைக் கொண்ட முதற் பகுதி 1967ஆம் ஆண்டில் வெளியாயிற்று: மருந்து பெறாதாரில் 27 பேர்க்குக் கொடிய கேடுகள் நேர்ந்தன; பெற்றாரில் இருவர்க்கே. 1970ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் பகுதியில், அதனினும் குறைந்த அழுத்தமுடைய 380 பேர் இருந்தனர். பக்கவாதம் மருந்து பெறாதாரில் 20 பேர்க்கும், பெற்றாரில் ஐவர்க்கும் வந்தது. இதயக் குழாய் அடைப்பு மட்டும் அத்துணைக் குறையவில்லை. ஆய்விற் சேர்ந்த அவ்வீரர் பலர்க்கும் எம் பாட்டனாரைப்போலவே எவ்வகைத் துன்பமும் தோன்றவில்லை என்பதை நாம் நினைத்தல் வேண்டும். துன்பம் தோன்றாத நோய்க்கு நாள்தோறும் மருந்துண்ணல் வீண் அன்று என்பதை உலகிற்கு மெய்ப்பித்த மருந்து மூன்றனுள் ஒன்று சர்ப்பகந்தியின் சத்து.

இதனை எம் பாட்டனார்க்கு எடுத்துரைத்தோம். அவ்வேர் நல்லதே எனில் தாம் உண்டதில் பிழை யாது என்று இடக்கையை அசைத்து, குழறிய மொழியில் வினவினார். வேரில் சத்து எவ்வளவு என்பது விளைந்த நிலத்திற்கும் பறித்த பருவத்திற்கும் ஏற்ப வேறுபடும் என்றும், விரலால் அள்ளிய பொடியில் இன்று மிகையும் நாளை குறையும் இருக்கும் என்றும், அழுத்தத்தை அளந்து பாராமையே பெரும்பிழை என்றும் கூறினோம். நாற்பதாண்டு கணக்கெழுதிய அவர்க்கு அது விளங்கிற்று. மறுநாளே மண்டியின் பழைய பேரேடு ஒன்றை எடுத்துவரச் செய்தார். இப்போது எம் பாட்டியார் நாள்தோறும் அளவுமானியில் காணும் எண்களை, வரவு செலவு என்று தலைப்பிட்ட பத்திகளில் மேலழுத்தம் ஒன்றிலும் கீழழுத்தம் ஒன்றிலுமாக எழுதி வருகின்றார். அவர் உண்பது இப்போது வேறு மாத்திரை. பின்வந்த மருந்துகள் மனச்சோர்வு தராமலே அழுத்தத்தைத் தணிப்பதால் ரெசர்பினை இன்று மருத்துவர் அரிதாகவே கொடுக்கின்றனர்.

வக்கீலின் பிற்காலம் எழுத்திலும் கற்பித்தலிலும் கழிந்தது. இந்திய மருத்துவர் சங்கத்தார் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய மருத்துவ நூலுக்கு அவரே முதற் பதிப்பாசிரியர். மேனாட்டு நூல்களையே நம்பியிருந்த நம் நாட்டு மாணவர்க்கு இந்நாட்டு நோய்களையும் நோயாளரையும் முன்னிறுத்திய நூல் அது. பல பதிப்புக்கள் கண்டு இன்றும் கற்கப்படுகின்றது. மருத்துவ வரலாறு பற்றிய கட்டுரைகளும் அவர் எழுதினார்.

1974ஆம் ஆண்டில், ரெசர்பின் உண்ட பெண்டிர்க்கு மார்பகப் புற்றுநோய் மிகுதியாக வருகின்றது என்ற அச்சுறுத்தும் செய்தி இங்கிலாந்தின் லான்செட் இதழில் வெளியாயிற்று. உலகெங்கும் மருத்துவர் அம்மருந்தைக் கைவிடலாயினர். பின்னர் மிகப் பலரை வைத்துச் செய்த ஆய்வுகளில் அவ்வையம் நிலைபெறவில்லை. ஆனால் அவ்விடை வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. டாக்டர் வக்கீல் அந்த 1974ஆம் ஆண்டிலேயே, தம் அறுபத்து மூன்றாம் அகவையில் பம்பாயில் காலமானார்.